காப்பதும் கொடுப்பதும்

நூலகம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்துபவர் முன் இரண்டு கடமைகள் நிற்கின்றன. தம் கைக்கு வந்த நூலைக் கெடாமல் காப்பது ஒன்று. அதனைக் கேட்பவர் கையில் கொடுத்து அனுப்புவது மற்றொன்று. சொல்லும்போது இவ்விரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். செயலில் இறங்கினால் ஒன்று மற்றொன்றின் குரல்வளையைப் பிடிப்பது தெரியும். கொடுத்த நூல் கிழியும், கறைபடும், சில வேளை திரும்பி வராமலே போகும். பூட்டி வைத்த நூல் கிழியாது. ஆனால் எவர் கண்ணிலும் படாது. இவற்றுள் அறம் எப்பக்கம் என்னும் வினா பெரிய நகரத்து நூலகங்களில் அவ்வளவாக எழுவதில்லை. அங்கே ஒரு நூல் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். சிற்றூர் நூலகத்தில்தான் அது முள்ளாய்த் தைக்கிறது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு வடக்கே, கியா பார்ம் என்னும் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். காய்கறித் தோட்டங்களும் சந்தைக் கடைகளும் ஒரு பக்கம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை ஒரு பக்கம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் குறித்துச் சென்ற இந்த மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்ட கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. அவர்களோடு மொழியும் மலையேறியது, மாரியம்மனும் மலையேறினாள், தமிழ்ப்பள்ளியும் பின்னே வந்தது. இத்தகைய ஓர் ஊரில் இருநூறு முந்நூறு தமிழ் நூல்களைக் கொண்டு ஒரு சிறு நூலகம் நடத்துவதாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன வினா தன் முழு வலிமையோடு வந்து நிற்கும்.

பூட்டுக்காரர் சொல்வதை முதலில் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர் கொடியவர் அல்லர். தமிழ் நூல்கள் பல கடல் கடந்து வருகின்றன. வந்த விலை வேறு, வந்த பாடு வேறு. மலேசியாவிலேயே அச்சாகும் தமிழ் நூல்களோ பெரும்பாலும் சில நூறு படிகளோ ஓராயிரம் படிகளோதாம். முதற்பதிப்பு தீர்ந்தால் மறுபதிப்பு அரிது. அப்படிப்பட்ட நூலை ஒருவர் இரவல் வாங்கிச் சென்று அடுப்பங்கரையில் வைத்துவிட்டால் ஊர் முழுவதற்கும் இழப்பு. நூலகர் தம் சொந்தப் பொருளைக் கொடுக்கவில்லை. பிறர் பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார். தன் பொருளை வாரி வழங்குவது ஈகை எனப்படும். பிறர் பொருளை வாரி வழங்குவதற்கு அப்பெயர் பொருந்துமா? இன்று கேட்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு குழந்தைக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அக்குழந்தைக்கு யார் விடை சொல்வது? இன்னும் பிறவாத வாசகனுக்காகப் பேசுவதற்கு நூலகரை விட்டால் ஆளில்லை. பூட்டின் பக்கம் நிற்கும் வாதங்களுள் இதுவே வலியது. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் இந்த வாதம் ஓர் எண்ணத்தின் மேல் நிற்கிறது. நூல் என்பது சும்மா இருந்தால் அப்படியே இருக்கும், எடுத்தால்தான் தேயும் என்பதே அவ்வெண்ணம். பாத்திரத்திற்கும் நகைக்கும் அது பொருந்தலாம். நூலுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் தமிழரின் சொந்த வரலாறே காட்டும்.

அச்சு வருவதற்கு முன் தமிழ் ஓலையில் வாழ்ந்தது. ஓலையின் ஆயுள் சில தலைமுறைகளே. பூச்சி அரிக்கும், முனை முறியும், எழுத்து மங்கும். ஓராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாட்டு இன்று கையில் இருக்கிறது என்றால், ஏதோ ஓர் ஏடு ஓராயிரம் ஆண்டு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது என்று பொருளன்று. ஒவ்வொரு நூற்றாண்டிலும் எவனோ ஒருவன் அதனைப் படித்தான். படித்ததனால் அதன்மேல் ஆசை கொண்டான். ஆசை கொண்டதனால் புதிய ஓலையில் படியெடுத்தான் என்பதே பொருள். அக்காலத்தில் காத்தல் வேறு, படித்தல் வேறு என்று இருக்கவில்லை. படிப்பவன் அற்ற ஏடு அத்தலைமுறையோடு முடிந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய வரலாற்றைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகளையும், கரிவலம்வந்தநல்லூரில் பழுதுற்ற ஏடுகள் நெருப்புக்கு ஆகுதியாகிப் போன செய்தியையும் அவர் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். அந்த ஏடுகளை வைத்திருந்தவர்கள் அவற்றை இகழ்ந்தவர்கள் அல்லர். புனிதப் பொருளாகவே போற்றினர். ஆற்றுக்கும் நெருப்புக்கும் முறைப்படி சடங்கோடுதான் அனுப்பினர். படிப்பதை மட்டுமே விட்டிருந்தனர். 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியபோது அந்நூல்கள் பிழைத்தன. பெட்டியில் கிடந்தவை பலர் கைக்குப் போயின. அப்படிப் போனதே அவற்றுக்குக் காப்பாயிற்று.

அச்சு வந்தபின் ஒரு மயக்கம் நேர்ந்தது. படியெடுக்கும் வேலை வாசகன் கையிலிருந்து எந்திரத்தின் கைக்கு மாறியது. படித்தலும் காத்தலும் பிரிந்தன. நூலைப் படிக்காமலே காக்கலாம் என்ற புதிய எண்ணம் பிறந்தது. கண்ணாடி பதித்த அலமாரி அவ்வெண்ணத்தின் கோயில். கலைமகள் விழாவில் நூல்களை அடுக்கி, சந்தனம் இட்டு, அன்று ஒருநாள் மட்டும் படிக்காமல் விடுவது வழக்கம். மறுநாள் ஏட்டைப் பிரித்தே தீரவேண்டும் என்பதும் அவ்வழக்கத்தின் பகுதிதான். பூட்டிய அலமாரிக்கு அந்த மறுநாள் வருவதேயில்லை.

கேமரன் மலையின் காற்று இதில் தன் தீர்ப்பையும் சொல்கிறது. அங்கு மழையும் மூடுபனியும் மிகுதி. காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபது பங்கை நெருங்கினாலே தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். காற்றோட்டமில்லாத அடைத்த அலமாரியில், சுவரை ஒட்டி நெருக்கி அடுக்கிய நூல்களில்தான் அது முதலில் தோன்றும். வாரம் ஒருமுறை எடுத்துப் புரட்டப்படும் நூலில் பூஞ்சணம் பிடித்தால் உடனே ஒருவர் கண்ணில் படும். துடைத்து வெளிக்காற்றில் வைக்கலாம். பூட்டிய நூலில் பிடித்தால் பூட்டைத் திறக்கும் நாளில்தான் தெரியும். சமவெளி ஊரில் பூட்டுக்காரர் சொல்வது ஓரளவு செல்லும். மலையில் அவருடைய வாதத்தின் அடித்தளமே ஈரத்தில் ஊறிப் போகிறது. இங்கே எடுக்கப்படாத நூலும் கெடும், அதுவும் ஒருவருக்கும் பயன்படாமல் கெடும். ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துவதும், கதவு இல்லாத தட்டுகளையே தெரிந்தெடுப்பதும் தச்சுவேலை பற்றிய சிறு செய்திகள் அல்ல. அவற்றுள் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது.

இக்கொள்கையைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் ஒரு தமிழ்நாட்டவர் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவி அவருக்குக் கிடைத்தது. அவரோ சில நாளிலேயே சலித்துப் போய், தம்மைப் பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடுமாறு கேட்டார். ஆள் வராத அறையில் நூல்களுக்குக் காவல் இருப்பது அந்த ஆசிரிய உள்ளத்திற்குப் பொருந்தவில்லை. இங்கிலாந்து சென்று அங்குள்ள பொது நூலகங்களைக் கண்டபின்தான், நூலகர் வேலை காவல் வேலை அன்று என்பது அவருக்கு விளங்கியது. திரும்பி வந்தவர், வாசகர் தாமே தட்டுகளிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அவ்விதிகளுள் முதலாவது நூலின் பயன்பாட்டைப் பேசுகிறது. அடுத்த இரண்டும் வாசகரையும் நூலையும் ஒருவருக்கொருவர் உரியவராகச் சேர்த்து வைப்பதைப் பற்றியவை. நான்காவது வாசகரின் நேரத்தை மதிப்பது. ஐந்தாவது நூலகத்தின் வளர்ச்சியைக் குறிப்பது. பூட்டைப் பற்றி ஒரு விதியும் இல்லை.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. வண்டி நிறைய நூல்கள். எஸ். வி. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய அந்த நடமாடும் நூலகம், நூலகம் இருக்கும் இடத்திற்கு வரமுடியாத உழவர்களைத் தேடிச் சென்றது. நகரத்து அறிஞர்கள் வாசகரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிற்றூர் வண்டியில் மாட்டைப் பூட்டிற்று. மலைத்தோட்டங்களுக்கு இந்த முன்மாதிரி மிக நெருக்கமானது. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பவை. ஓர் ஊரில் கட்டிய அறை மற்றொரு தோட்டத்து லயத்திற்குப் பயன்படாது. ஒரு வேனும் ஆறு பெட்டிகளும், எந்த நாளில் எந்த லயத்தருகே நிற்கும் என்ற மாறாத அட்டவணையும் இருந்தால், அழகிய கட்டடம் ஒன்று செய்ய முடியாததை அவை செய்துவிடும். கட்டடத்தின்மேல் தமிழருக்கு ஒரு தனி ஆசை உண்டு. அடிக்கல் நாட்டவும் திறப்புவிழா நடத்தவும் அதில்தான் வாய்ப்பு இருக்கிறது.

கொடுப்பதன் பக்கம் இதுவரை சொன்னவை அனைத்தையும் ஒரே இரவு கேள்விக்கு உள்ளாக்குகிறது. அது யாழ்ப்பாணத்தில் 1981 மே 31ஆம் நாள் இரவு.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றம் மிக எளியது. நீதிமன்றத்தில் பணியாற்றிய கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுத்து வந்தார். 1933 டிசம்பரில் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1934 ஆகஸ்டு முதல் நாள் ஆசுப்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஊராட்சி மன்றம் அதனைப் பொறுப்பேற்றது. 1954இல் அடிக்கல், சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மனின் வரைபடம், அரங்கநாதனின் அறிவுரை, 1959இல் திறப்பு. ஒரு தனிமனிதர் வீட்டு இரவல் நூல்கள் கால் நூற்றாண்டில் ஓர் இனத்தின் பெருமிதமாக எழுந்து நின்றன. பிறகு அந்த இரவு. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச் சுவடிகளும் நெருப்புக்கு இரையாயின.

இங்கே பூட்டுக்காரர் எழுந்து, காப்பின் அருமை இப்போதாவது தெரிகிறதா என்று கேட்கலாம். ஆனால் அந்நூலகம் கொடுத்ததால் அழியவில்லை. ஓரிடத்தில் இருந்ததால், அதுவும் அழிக்க நினைத்தவர் கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் இருந்ததால் அழிந்தது. அத்தகைய ஓர் இரவில், இரவலாக வெளியே சென்று எவர் வீட்டுத் தலையணை அருகிலோ கிடக்கும் நூல்தான் தப்பிப் பிழைக்கும். திருப்பித் தராத வாசகன்கூட அன்று காவலன் ஆகிவிடுவான். இது கசப்பான நியாயம், ஆயினும் நியாயம்.

அதே இரவு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. எரிந்தவற்றுள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சென்னையிலோ இலண்டனிலோ வேறு படி உள்ள நூல் எரிந்தால் பணத்தால் ஈடுசெய்யலாம். வேறு படியே இல்லாத சுவடியும் உள்ளூர் இதழும் எரிந்தால் எந்த நாட்டின் செல்வமும் ஈடு செய்யாது. கட்டடம் மீண்டும் எழுந்தது. 2004இல் வாசகர் உள்ளே வந்தனர். ஒற்றைப் படிகள் வரவில்லை. ஆகவே எல்லா நூலுக்கும் ஒரே அறம் என்று வைத்துக்கொண்டதே பூட்டுக்காரரின் பிழை. எல்லா நூலையும் கொடுத்துவிடு என்பவரின் பிழையும் அதுவே. படி பல உள்ள நூலுக்குக் கொடுப்பதே காப்பு. ஒற்றைப் படிக்கு முதலில் செய்ய வேண்டியது அதனை ஒற்றைப் படியாக இராதபடி செய்வது. ஈழத்தவர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி இதைத்தான் செய்து வருகிறது. நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி, எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு வைக்கிறது. பழைய ஓலைப் படியெடுப்பாளனின் தொழில் வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

இனி, எதைக் கொடுப்பது என்னும் வினா. சிற்றூர் நூலகத்தை மேம்படுத்த வருபவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார். அவர் மனத்தில் சங்க இலக்கிய உரைகளும் காப்பியங்களும் வரிசையாக நிற்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணோ தொடர்கதை கேட்பாள். அவள் விருப்பத்தைத் தாழ்ந்தது என்று எண்ணும் உரிமை ஆசிரியருக்கு எங்கிருந்து வந்தது? 1950களில் கல்கியின் பொன்னியின் செல்வன் வார இதழில் வந்தபோது, வாரந்தோறும் அப்பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து நூலாக்கி வைத்த குடும்பங்கள் எத்தனையோ. எந்தப் பாடத்திட்டமும் அவர்களை ஏவவில்லை. நாவலில் தொடங்கிய கை நூல்காக்கும் கையாகவும் ஆயிற்று. அவள் கேட்கும் நாவலை முகம் சுளிக்காமல் கொடுப்பதே நூலகரின் முதல் நாகரிகம். அதோடு நின்றுவிட்டால் அவர் கடைக்காரர் ஆகிவிடுவார் என்பதும் உண்மை. நான்காம் நாவலைத் திருப்பித் தர வரும்போது ஐந்தாவதாக, அவள் கேட்டிராத ஒன்றை, வேண்டாமென்றால் வைத்துவிடலாம் என்ற சொல்லோடு நீட்டத் தெரிய வேண்டும். அதற்கு அந்நூலை அவர் தாமே படித்திருக்க வேண்டும். சிற்றூர் நூலகங்களின் பெருங்குறை நூல் போதாமை என்பர். படித்த நூலகர் போதாமை அதனினும் பெரிது.

எழுதப்படிக்கத் தெரியாத முதியவரை இந்நூலகம் என்ன செய்யும்? திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம், கல்லாமை நாற்பத்தொன்று, அதையடுத்து உடனே கேள்வி வருகிறது. கல்லாமையைச் சொல்லி முடித்த அடுத்த மூச்சிலேயே, கல்லாதவனுக்கும் செவிவழி திறந்திருப்பதை வள்ளுவர் வைத்த வைப்பு முறையே காட்டுகிறது. முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்கச் சூழ இருந்தவர் கேட்டதே தமிழ் மக்களின் அரசியல் கல்வி. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளேட்டை வாங்கியவர் தொகை ஒன்று. கேட்டவர் தொகை வேறு. அமைதி காக்க என்று எழுதிவைத்த பலகை கேள்வியை வெளியே தள்ளிவிடுகிறது. வாரத்தில் ஒரு மாலையாவது அப்பலகையைத் திருப்பி வைத்துவிட்டு ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்தறியாத பாட்டிக்கும் அது நூலகமே.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூலகத்தைக் கொடையாளர் நடத்துவதா, ஊர் நடத்துவதா? கொடையில் ஓர் அழகு உண்டு. ஆனால் கொடை நின்றால் நூலகமும் நிற்கும். இலவசமாகக் கிடைப்பதைக் கேட்கச் சிலர் கூசுவர். 1948இல் சென்னை மாகாணம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், பொது நூலகச் சட்டம் இயற்றியது. சொத்துவரியோடு ஒரு சிறு மேல்வரியைச் சேர்த்து நூலகத்திற்கென ஒதுக்கியது. அதன் பிறகு நூலகத்தினுள் நுழைபவர் இரவலர் அல்லர். தாம் கட்டிய வரியின் பயனைப் பெற வருபவர். மலாயாவிலோ 1950களில் கோ. சாரங்கபாணி முன்னின்ற 'தமிழ் எங்கள் உயிர்' நிதி, எளிய மக்களிடம் சிறு தொகைகளாகத் திரண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்கு உதவிற்று. பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத உழைப்பாளர் தம் கூலியில் ஒரு பகுதியைத் தாம் படிக்கப்போகாத நூல்களுக்காகக் கொடுத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழும் தோட்டத்துப் பக்கமாக ஒரு பெட்டி நூல் வருவது சலுகை ஆகாது. கடன் திரும்புவது ஆகும்.

தண்டப்பணமும் இதைச் சார்ந்தது. காலம் கடந்து வரும் நூலுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவது ஒழுங்குக்கு வேண்டும் என்பர். இருப்பவனுக்கு அது ஒழுங்கு. இல்லாதவனுக்கு அது வாயிற்கதவு. தண்டம் ஏறிவிட்டது என்று அஞ்சும் சிறுவன் நூலையும் கொண்டுவர மாட்டான். தானும் வர மாட்டான். நூலகம் நூலை இழக்கும், வாசகனையும் இழக்கும். அமெரிக்காவின் சிகாகோ நகரப் பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதத் தண்டத்தை அடியோடு நீக்கியது. அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த நூல்களின் எண்ணிக்கை முன்னிலும் இருமடங்குக்கு மேலாயிற்று. வந்தவர்களுள் நெடுநாள் அஞ்சி ஒதுங்கியிருந்தவர்களும் இருந்தனர். மக்களை நம்பினால் ஏமாற்றுவர் என்ற பழைய எண்ணத்திற்கு இது ஒரு சிறு மறுப்பு. கியா பார்மில் ஏமாற்றும் வாசகர் இருக்க மாட்டார் என்று இதனால் சொல்லிவிட முடியாது. இருப்பார். பத்து நூலில் ஒன்று போகலாம். அதனை வாடகைக் கணக்கிலும் விளக்குச் செலவிலும் சேர்ப்பது போல, நூலகம் நடத்தும் செலவிலேயே எழுதிவிட வேண்டும்.

பொது என்னும் சொல்லும் எளிதானதன்று. ஒரு காலத்தில் லயங்களில் தமிழ் மட்டுமே கேட்டிருக்கலாம். இன்று கேமரன் மலையின் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். சந்தைக் கடைகளில் சீனர் இருக்கின்றனர்; மலைச்சரிவுகளில் செமாய் மக்கள் இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே வாழ்கின்றனர். தமிழர் திரட்டிய பணத்தில் தமிழ் நூல்களுக்காக வைத்த அறைக்குள் ஒரு வங்காள இளைஞன் மழைக்கு ஒதுங்கினால் அவனுக்கு அங்கே என்ன இருக்கிறது? சிலர் இதைக் கேட்டால் கோபிப்பர். தமிழுக்கே இடம் போதாதபோது பிறமொழிக்கு ஏது என்பர். அக்கோபத்தில் நியாயமும் உண்டு. தமிழ் நூலுக்கு வேறு யாரும் இடம் தரமாட்டார். ஆனால் நூறாண்டுக்கு முன் எழுதப்படிக்க ஏதுமின்றி அயல் மண்ணில் குளிரில் நின்ற தமிழனின் நிலையில்தான் அவன் இன்று நிற்கிறான். ஒரு தட்டில் பத்து வங்காள நூல் வைப்பதால் தமிழ் குறைந்துவிடாது. அத்தட்டை மறுப்பவர்க்கு, நாளை பிறர் நடத்தும் நூலகத்தில் தமிழ்த் தட்டு கேட்கும் வாய் இருக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரத்தையும் மறக்கலாகாது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கரைக்கு அடைக்கும் நூலகம், கொழுந்து பறிப்பவர் மலையில் இருக்கும் பொழுதெல்லாம் திறந்திருந்து, அவர் இறங்கி வரும் பொழுதில் அடைக்கப்படுகிறது. அலமாரிக்குப் பூட்டே இல்லாவிட்டாலும் அது பூட்டிய நூலகந்தான். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீடு வந்து, குளித்துச் சோறாக்கியபின் கிடைப்பது இரவு ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட காலம். ஞாயிறு ஒரு முழுநாள். அந்நேரத்தில் ஒரு விளக்கும் ஓர் ஆளும் வேண்டும். அதற்கு யார் ஊதியம் கொடுப்பார் என்பதில்தான் சிற்றூர் நூலகங்களின் உயிர் ஊசலாடுகிறது. ஆசிரியர்கள் மாறிமாறி வாரம் ஒரு மாலை ஏற்றுக்கொள்வது ஒரு வழி. ஆறாம் வகுப்பு மாணவர் இருவரைப் பதிவேட்டில் அமர்த்துவது அதனினும் நல்ல வழி. பதிவேடு எழுதும் மாணவன் தட்டிலுள்ள நூலின் பெயர் எல்லாம் அறிந்துவிடுவான். ஒரு நாள் அவற்றுள் ஒன்றைத் தானும் எடுத்துச் செல்வான்.

ஒற்றைப் படியைப் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் முற்றும் தீரவில்லை. தோட்டப் பள்ளிகளின் ஆண்டுமலர்கள், கோயில் திருவிழா மலர்கள், கையெழுத்து இதழ்கள், பழைய வருகைப் பதிவேடுகள் என்று மலைநாட்டிலும் வேறெங்கும் இல்லாத தாள்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கோலாலம்பூருக்கு அனுப்பினால், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ குளிரூட்டிய அறையில் நெடுநாள் இருக்கும். ஆனால் அங்கே அவற்றின் பக்கங்களில் உள்ள முகங்களை அறிந்தவர் ஒருவரும் வரமாட்டார். மலையிலேயே வைத்தால், அட்டையில் நிற்கும் சிறுமியைத் தன் பாட்டி என்று சுட்டிக்காட்ட ஒரு பேத்தி இருப்பாள், பூஞ்சணமும் இருக்கும். இன்று கைப்பேசி ஒன்றே போதும், நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிடலாம். படியை நகரத்துக்கு அனுப்பி மூலத்தை மலையில் வைப்பதா, மூலத்தை அனுப்பிப் படியை வைத்துக்கொள்வதா என்பதை அந்தத் தோட்டத்து மக்களைக் கூட்டி அவர்களிடமே கேட்க வேண்டும். மலர் அவர்களுடையது. படமெடுக்கும் வேலையோ அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிவிடலாம்.